ஐரோப்பிய நாடுகளின் கரியமில வாயுக் கோடுகள்: 1990 என்ற ஆண்டைக் கொஞ்சம் சந்தேகப்படலாமா?

கோடுகிழிப்பவன் எழுதியது:

பைத்தான் என்ற கணினி மொழியில் வரைபடம் போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். மாதிரித் தரவில் பூ இதழ்களின் நீளத்தையே எத்தனை நாள் வரைவது என்று அலுத்துப்போய், ஐரோப்பிய நாடுகளின் கரியமில வாயு உமிழ்வுக் கணக்கை எடுத்தேன். பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்வீடன், போலந்து என்று ஐந்து நாடுகள், 1900 முதல் 2023 வரை.

போட்டுப் பார்த்ததும் மூன்று சந்தேகங்கள்.

முதலாவது, பிரிட்டன் கோடு ஓர் இடத்தில் திடீரென்று மூன்றரை மடங்குக்கு மேல் எகிறுகிறது. அந்த ஆண்டில் அங்கே அப்படி என்ன ஆயிற்று?

இரண்டாவது, எல்லா நாடும் ஏறி இறங்குகிறது, ஆனால் இறங்கத் தொடங்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. ஸ்வீடன் 1970ஐ ஒட்டி. பிரான்ஸ் 1979க்குப் பிறகு. போலந்து 1980களின் கடைசியில்.

மூன்றாவதுதான் என்னை உறுத்துவது. எல்லோரும் சொல்கிற 1990ஐ அடிப்படை ஆண்டாக வைத்துக் கணக்குப் போட்டேன். பிரிட்டன் ஏறக்குறையப் பாதியாகக் குறைத்திருக்கிறது. ஜெர்மனி 40 சதவீதத்துக்கு மேல். பிரான்ஸ் 30 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அணுமின்சாரம் அணுமின்சாரம் என்று பேசுகிற நாடு ஏன் இப்படிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது?

துணைக்கோள் எழுதியது:

முதல் சந்தேகத்துக்குப் பிரிட்டனைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு கோப்புகளை ஒட்டியிருக்கிறீர்கள், சரிதானே? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஒரு தரவு மையம் இருந்தது, 2017இல் மூடிவிட்டார்கள். அவர்கள் எல்லாவற்றையும் கார்பன் எடையில் கொடுத்தார்கள். இப்போது கிடைக்கிற கோப்புகள் பெரும்பாலும் கரியமில வாயுவின் எடையில் இருக்கும். கார்பன் மட்டும் என்றால் 12. இரண்டு ஆக்சிஜன் சேர்ந்துகொண்டால் 44. வகுத்துப் பாருங்கள், 3.67 வரும். உங்கள் எகிறல் அதுதான். பழைய பகுதியை 3.67ஆல் பெருக்கிவிடுங்கள்.

இந்த எண்களைப் புகைபோக்கியில் மீட்டர் வைத்து அளக்கவில்லை என்பதும் தெரிந்திருப்பது நல்லது. எவ்வளவு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிந்தது என்று பார்த்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய காரணியால் பெருக்குகிறார்கள். சிமெண்ட் சூளையில் சுண்ணாம்புக்கல் விடுகிற வாயுவையும் சேர்ப்பார்கள். 1900க்கும் எண் கிடைப்பது அதனால்தான். நிலக்கரிக்கு அன்றைக்கே கணக்கு எழுதி வைத்திருந்தார்கள்.

கோடுகிழிப்பவன் எழுதியது:

மானம் போயிற்று. ஒட்டிய இடத்தில் அலகைப் பார்க்கவே இல்லை. பெருக்கிவிட்டேன், எகிறல் மறைந்துவிட்டது. பிரான்ஸ் கேள்வி அப்படியே நிற்கிறது.

பழையபாய்லர் எழுதியது:

பிரான்ஸ் கடைசி பெஞ்ச் இல்லை தம்பி. பரீட்சையை முன்னாலேயே எழுதிவிட்டு வெளியே போய்விட்ட பையன். நீங்கள் வருகைப் பதிவை 1990இல் எடுக்கிறீர்கள்.

கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், வேலையில் இருந்தவரை கொதிகலன்களோடுதான் வாழ்ந்தேன். 1973 அக்டோபரில் எண்ணெய்ச் சிக்கல் வந்தது, சில மாதங்களில் விலை நான்கு மடங்கு ஆனது. பிரான்ஸிடம் சொந்த எண்ணெய் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். நிலக்கரிச் சுரங்கங்களும் தேய்ந்துகொண்டிருந்தன. மின்சாரத்தில் பெரும் பங்கு இறக்குமதி எண்ணெயை எரித்து வந்தது. 1974 மார்ச்சில் பிரதமர் மெஸ்மர் அணு உலைத் திட்டத்தை அறிவித்தார். அடுத்த 15 ஆண்டுகளில் ஒரே மாதிரியான உலைகளை அச்சில் வார்த்ததுபோல் வரிசையாகக் கட்டினார்கள். 1980களில் அவை ஒவ்வொன்றாக மின்கட்டமைப்பில் சேரச் சேர, எண்ணெயும் நிலக்கரியும் எரித்த அனல்மின் நிலையங்கள் ஓரங்கட்டப்பட்டன.

இதை உங்கள் கோட்டில் பாருங்கள். 1979இல் சுமார் 53 கோடி டன். 1988இல் 40 கோடிக்குக் கீழே. பத்தே ஆண்டில் நடந்த சரிவு இது. போரோ பெரும் பொருளாதார வீழ்ச்சியோ இல்லாமல் ஒரு பெரிய நாடு இந்த வேகத்தில் இறங்கியது அபூர்வம். ஆனால் எல்லாமே 1990க்கு முன்னால். ஐ.நா. காலநிலை ஒப்பந்தம் 1992இல் வந்தது, அடிப்படை ஆண்டு 1990 என்றானது. அதுவரை ஓடிய ஓட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது.

ஸ்வீடன் கதையும் இதே ஜாதகம்தான். 1970இல் 9 கோடி டன்னுக்கு மேல். அன்றைக்கு வீட்டுக்கு வீடு எண்ணெயில்தான் குளிர் காய்ந்தார்கள். நீர்மின்சாரம் ஏற்கனவே இருந்தது. 1972 முதல் 1985 வரை 12 உலைகள் வந்தன. நகரங்களில் ஒரே இடத்தில் வெந்நீர் காய்ச்சிக் குழாய் வழியே எல்லாக் கட்டடத்துக்கும் அனுப்பும் முறையைப் பரப்பினார்கள். 1990இல் 6 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. உலகமே பாராட்டுகிற அவர்களுடைய கார்பன் வரி வந்தது 1991இல்! அதற்குள் பெரும் சரிவு முடிந்திருந்தது. வரி வீண் என்று சொல்லவில்லை. வெந்நீர் காய்ச்சும் கொதிகலன்களில் எண்ணெய் போய் மரச்சில்லு வந்ததற்கு அந்த வரி பெரிய காரணம். ஆனால் கோட்டின் முதல் பாதிக்கு அதை அப்பன் ஆக்கக் கூடாது.

நாட்டு மொத்தத்தை விட்டுவிட்டுத் தலைக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். பிரான்ஸ் 4 டன்னைச் சற்றுத் தாண்டும். ஜெர்மனி 7 டன் பக்கம். ஸ்வீடன் 4க்குக் கீழே. யார் எந்த பெஞ்ச் என்று அப்போது தெரியும்.

பசுமைவிரும்பி எழுதியது:

ஐயா சொல்வதைப் பார்த்தால் காலநிலைக் கொள்கை என்று ஒன்றும் எதையும் சாதிக்கவில்லை என்பதுபோல் இருக்கிறதே? எண்ணெய் விலைதான் எல்லாம் செய்ததா? வாயு விடுவதற்கு ஆலைகள் அனுமதிச் சீட்டு வாங்கி விற்கும்படி 2005இல் ஐரோப்பா கொண்டுவந்த உமிழ்வு வணிகத் திட்டம் சும்மாவா?

பழையபாய்லர் எழுதியது:

2005இல் வந்தது, ரொம்ப நாள் தூங்கியது. தேவைக்கு மேல் அனுமதிச் சீட்டுகளை அள்ளி விட்டதால் விலை பல ஆண்டுகள் அடிமட்டத்தில் கிடந்தது. 2018க்குப் பிறகுதான் சூடு பிடித்தது. 2023 பிப்ரவரியில் ஒரு டன் 100 யூரோவைத் தொட்டது. அதற்குப் பிந்தைய சரிவில் அதற்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. 1970இலிருந்து வரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு பேசுகிறேன், அவ்வளவே.

நெய்வேலிக்காரன் எழுதியது:

ஜெர்மனிக்கு நான் வருகிறேன். பழைய கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஏழு வருடமாக இருக்கிறேன். அதற்கு முன் நெய்வேலி. பழுப்பு நிலக்கரி எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கையில் எடுத்தால் ஈர மண்போல இருக்கும். எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். எரியவிட்டால் முதலில் அந்தத் தண்ணீரை விரட்டவே வெப்பம் செலவாகும். அதனால் அதே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மற்ற நிலக்கரியைவிட வாயு கூடுதல்.

கிழக்கு ஜெர்மனிக்குச் சொந்தமாக வேறு எரிபொருள் பெரிதாக இல்லை. 1989இல் அந்தச் சின்ன நாடு தோண்டி எடுத்தது 30 கோடி டன் பழுப்பு நிலக்கரி. உலகில் வேறு யாரும் அவ்வளவு எடுக்கவில்லை. மின்சாரம், ரசாயன ஆலை, வீட்டு அடுப்பு எல்லாமே அதில்தான். எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி சொல்வார், குளிர்காலத்தில் காலையில் ஜன்னல் கட்டையைத் துடைத்தால் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம் என்று. வெள்ளைத் துணியை வெளியே காயப்போட மாட்டார்களாம்.

பெர்லின் சுவர் விழுந்து, நாடு ஒன்றாகி, பழைய ஆலைகள் மேற்கோடு போட்டியிட முடியாமல் மூடப்பட்டன. பத்து ஆண்டுக்குள் கிழக்கின் பழுப்பு நிலக்கரி உற்பத்தி கால் பங்குக்கும் கீழே போனது. ஜெர்மனி 1990இலிருந்து குறைத்தது என்று காட்டுகிற கணக்கின் ஆரம்பச் சரிவில் பெரும்பகுதி இது. பாட்டியின் கணவருக்கு வேலை போனதும் அந்தச் சரிவுக்குள்தான் இருக்கிறது. காற்று சுத்தமானது, அதையும் அவரே சொல்வார்.

கோடுகிழிப்பவன், ஒன்றைக் கவனியுங்கள். 1990க்கு முன்னால் கிழக்கும் மேற்கும் வேறு வேறு நாடுகள். உங்கள் கோப்பு இரண்டையும் கூட்டி ஒரே ஜெர்மனியாகத் தருகிறதா என்று பாருங்கள். சில பழைய கோப்புகளில் தனித்தனியாக இருக்கும்.

அப்புறம் என் சொந்தக் கருத்து. 2023 ஏப்ரல் 15இல் கடைசி மூன்று அணு உலைகளையும் நிறுத்தினார்கள். பழுப்பு நிலக்கரிக்கோ 2038 வரை தவணை. வரிசை தலைகீழ் என்று எனக்குத் தோன்றுகிறது. அலுவலகத்தில் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள், இங்கேயாவது சொல்லி வைக்கிறேன்.

பசுமைவிரும்பி எழுதியது:

உலைகளை நிறுத்திய பிறகும் அங்கே நிலக்கரி மின்சாரம் குறைந்துதானே வருகிறது? காற்றாலையும் சூரியத் தகடும் அந்த இடத்தை நிரப்புகின்றன.

நெய்வேலிக்காரன் எழுதியது:

குறைகிறது. உலைகளும் இருந்திருந்தால் இன்னும் வேகமாகக் குறைந்திருக்கும் என்பதே என் வாதம். இதோடு விடுகிறேன், இழை திசைமாறும்.

டார்பி பயணி எழுதியது:

பசுமைவிரும்பி கேட்ட கேள்விக்குப் பிரிட்டனிடம் நல்ல பதில் இருக்கிறது. இந்தக் கோட்டில் எல்லாக் காரணமும் கலந்து கிடக்கிறது.

1926இல் ஒரு பெரிய பள்ளம் தெரிகிறதா? கணினிப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். சுரங்கத் தொழிலாளர் போராட்டம் அது. மாதக்கணக்கில் நிலக்கரி வெளியே வரவில்லை. 1984இல் இன்னொரு சின்னப் பள்ளம், அதுவும் சுரங்கப் போராட்டமே. அந்தமுறை எண்ணெயை எரித்துச் சமாளித்துவிட்டார்கள், அதனால் பள்ளம் ஆழமில்லை.

1990களில் மின்துறையைத் தனியாருக்குக் கொடுத்தார்கள், வட கடல் எரிவாயு மலிவாகக் கிடைத்தது. எரிவாயு நிலையம் கட்டுவது சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயு நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி. எல்லோரும் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். அந்தக் கட்டம்வரை காலநிலைக்காக யாரும் எதுவும் செய்யவில்லை, லாபத்துக்காகச் செய்தார்கள்.

ஆனால் 2012ஐப் பாருங்கள். மின்சாரத்தில் நிலக்கரி 40 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2013இல் கார்பனுக்கு ஒரு அடிமட்ட விலை வைத்தார்கள், 2015இல் ஐரோப்பிய அனுமதிச் சீட்டு விலைக்கு மேல் டன்னுக்கு 18 பவுண்டு கூடுதல் என்று ஏற்றினார்கள். நிலக்கரி நிலையங்களுக்குக் கணக்கு இடித்தது. 2020இல் பங்கு 2 சதவீதம்! எட்டு ஆண்டில் ஒரு எரிபொருள் காணாமல் போனது. கடலில் நட்ட காற்றாலைகளும் ஒரு கை கொடுத்தன. இது கொள்கை செய்த வேலைதான், பழையபாய்லர் ஐயா.

நான் டார்பியிலிருந்து லண்டனுக்கு அடிக்கடி ரயிலில் போகிறவன். வழியில் ராட்கிளிஃப் அனல்மின் நிலையம். எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்கள், ஒவ்வொன்றும் ஊர்க் கோவில் கோபுரத்தை விழுங்கிவிடும். அவற்றிலிருந்து வந்த வெள்ளையைப் பலர் புகை என்று நினைப்பார்கள். அது வெறும் நீராவி. கரியமில வாயு பக்கத்தில் நின்ற ஒல்லிப் புகைபோக்கி வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. 2024 செப்டம்பர் 30இல் நிறுத்தினார்கள். நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம். 1882இல் லண்டன் ஹோல்பனில் தொடங்கிய கதை 142 ஆண்டில் முடிந்தது. அடுத்த வாரம் ரயிலில் போனபோது கோபுரங்கள் அப்படியே நின்றன, மேலே ஒன்றும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் மொபைலில் படம் எடுத்தார். எதைப் படம் எடுக்கிறார் என்று அவருடைய மகனுக்குப் புரியவில்லை.

சந்தேகசாமி எழுதியது:

எல்லோரும் கைதட்டுகிறீர்கள். அதே 2024 செப்டம்பர் 30இல் வேல்ஸில் போர்ட் டால்பட் எஃகு ஆலையின் கடைசி ஊதுலையையும் நிறுத்தினார்கள், அதை டார்பி பயணி சொல்லவில்லையே? டாடாவின் ஆலை. இனி மின்சாரத்தில் உருக்கும் மின்வில் உலை கட்டி முடியும்வரை எஃகுப் பாளம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. பிரிட்டன் கோடு இறங்கும், பாளம் வார்த்த நாட்டின் கோடு ஏறும். பாத்திரத்தை அடுத்த வீட்டில் கழுவக் கொடுத்துவிட்டு என் வீட்டில் தண்ணீர் மிச்சம் என்கிற கதைதானே இது?

துணைக்கோள் எழுதியது:

பாதி சரி. அதற்கென்றே நுகர்வுக் கணக்கு என்று ஒன்று போடுகிறார்கள். இறக்குமதிப் பொருளுக்குள் ஒளிந்திருக்கும் வாயுவைச் சேர்த்து, ஏற்றுமதியுடையதைக் கழிப்பது. 1990இலிருந்துதான் கிடைக்கும், துல்லியமும் கொஞ்சம் குறைவு. அதில் பிரிட்டன், பிரான்ஸ், ஸ்வீடன் மூன்றின் அளவுமே சாதாரணக் கணக்கைவிடக் கூடுதலாக வரும். சுவிட்சர்லாந்து இரண்டு மடங்கைத் தாண்டும், அங்கே வங்கியும் மருந்தும்தான், எஃகு எங்கே இருக்கிறது? போலந்துக்குப் பெரிய வித்தியாசம் வராது.

ஆனால் பிரிட்டனின் நுகர்வுக் கோடும் 2007க்குப் பிறகு இறங்குகிறது. அதுவரை உங்கள் பாத்திர உவமை பொருந்தும். அதற்குப் பிறகு நடந்ததை அதை வைத்து மட்டும் விளக்க முடியாது. அனல்மின் நிலையத்தை யாரும் சீனாவுக்குக் கப்பலேற்றவில்லை, அங்கிருந்து மின்சாரம் இறக்குமதி ஆகவும் இல்லை.

உங்களுக்கு வேறு இரண்டு சந்தேகம் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வடக்கு இங்கிலாந்தின் டிராக்ஸ் நிலையத்தில் நிலக்கரிக்குப் பதில் மரத்துண்டு எரிக்கிறார்கள். அமெரிக்கக் காடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. புகைபோக்கியில் வரும் வாயுவுக்குப் பிரிட்டன் கணக்கில் பூஜ்யம். மரம் வெட்டிய நாட்டின் காடு, நிலம் பற்றிய கணக்கில் அது வர வேண்டும் என்பது விதி. இரண்டு, நாடு விட்டு நாடு போகும் விமானமும் சரக்குக் கப்பலும் எரிப்பது எந்த நாட்டு மொத்தத்திலும் சேராது.

சந்தேகசாமி எழுதியது:

அதைத்தான் சொன்னேன். மொத்தமாகக் கூட்டினால் ஜெர்மனி இதுவரை விட்டது மட்டும் 9,000 கோடி டன்னுக்கு மேல். 140 கோடிப் பேர் இருக்கிற இந்தியா இதுவரை விட்டது அதைவிடக் குறைவு. இப்போது தலைக்கு எவ்வளவு என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

நெறியாளர் எழுதியது:

இந்தியா–சீனா–அமெரிக்கா சண்டைக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே ஐரோப்பா.

ஒஸ்லோ சிவம் எழுதியது:

நீங்கள் ஒருத்தரும் டென்மார்க்கைத் தொடவில்லை. அதைப் போட்டுப் பாருங்கோ, ஈசிஜி மாதிரி மேலும் கீழும் துள்ளும். மற்ற நாட்டுக் கோடெல்லாம் ஓரளவு வழுவழுப்பாக இருக்க, இது மட்டும் ஏன் இப்படி என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை.

காரணம் நோர்வேயில் பெய்கிற மழை. உண்மையாகத்தான் சொல்கிறேன். இங்கே மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க நீர்மின்சாரம். ஸ்வீடனிலும் பெரும் பங்கு. மழையும் பனியும் நல்லாக விழுந்த வருசம் நீர்த்தேக்கம் நிரம்பி வழியும், மின்சாரம் மலிவு, டென்மார்க் எங்களிடம் வாங்கும். வறண்ட வருசம் கதை மாறும். டென்மார்க் தன்ர நிலக்கரி நிலையங்களை முழு வேகத்தில் ஓட்டி எங்களுக்கு விற்கும். 1996 அப்படி ஒரு வறண்ட வருசம். டென்மார்க்கின் உமிழ்வு 7 கோடி டன்னைத் தாண்டியது. 1990இல் 5 கோடிச் சொச்சம். அந்த மின்சாரத்தில் சோறு சமைத்தது நோர்வேயிலும் ஸ்வீடனிலும் இருந்த சனம். வாயு ஏறியது டென்மார்க் கணக்கில்.

இன்னும் பகிடி, அந்த 1990 நல்ல மழை வருசம். டென்மார்க் கனக்க மின்சாரம் வாங்கியது, அதனால் அடிப்படை ஆண்டே தாழ்ந்துபோனது. தங்களுக்கு அது அநியாயம், திருத்தித் தாருங்கள் என்று அவர்கள் பிறகு கேட்டார்கள். இப்ப காற்றாலை நிறைய வந்து நிலக்கரி அநேகமாகப் போய்விட்டது, துள்ளலும் அடங்கிக்கொண்டு வருகிறது.

எங்கட நோர்வேயைப் பற்றியும் பெருமை அடிக்க ஏலாது. புதுக் கார் பத்தில் ஒன்பது மின்சாரக் கார். ஆனால் கடல் நடுவில் எண்ணெய் எடுக்கிற மேடைகளில் எரிவாயு எரித்து இயந்திரம் ஓட்டுகிறார்கள். எடுத்த எண்ணெயை வெளிநாட்டுக்கு விற்கிறோம், அது எரிகிற கணக்கு வாங்கியவருடையது.

பழையபாய்லர் எழுதியது:

மழையை நான் யோசிக்கவே இல்லை சிவம். அருமை.

மெட்ஸ் மணியம் எழுதியது:

கணக்கு மாறிப்போகிற கதை என்றால் என்னிடமும் ஒன்று உண்டு, அதில் நானும் ஒரு குற்றவாளி. பிரான்ஸில் வீடு, லக்சம்பேர்க்கில் வேலை. பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி மூன்றிலிருந்தும் எல்லை தாண்டித் தினமும் அங்கே வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். அங்கே எரிபொருள் வரி குறைவு என்பதால் டாங்கை நிரப்பிக்கொண்டுதான் வீட்டுக்கு வெளிக்கிடுவோம். ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கிற லொறிக்காரரும் அங்கேதான் டீசல் அடிப்பார்கள், எல்லையில் பம்புகள் வரிசையாக நிற்கும். விதி என்னவென்றால், எரிபொருள் எங்கே விற்கப்பட்டதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் வாயு ஏறும். நான் பிரான்ஸ் வீதியில் விடுகிற புகை லக்சம்பேர்க்கின் தலையில். தலைக்கு எவ்வளவு என்ற பட்டியலில் அந்தக் குட்டி நாடு எப்போதும் மேலே நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பசுமைவிரும்பி எழுதியது:

போலந்தை யாரும் கவனிக்கவில்லையே? கோடு 1988க்குப் பிறகு விழுகிறது, பிறகு 2002 முதல் 2018 வரை தூங்குகிறது.

துணைக்கோள் எழுதியது:

விழுந்தது ஜெர்மனியின் கிழக்கைப் போலத்தான், பழைய பொருளாதாரம் சரிந்ததால். தூங்கியது நிலக்கரியால். 2023இல்கூட மின்சாரத்தில் 60 சதவீதம் நிலக்கரி, பெல்காட்டுவ் நிலையம் ஐரோப்பாவின் நிலக்கரி மின்நிலையங்களிலேயே பெரியது. ஆனால் ஆள் சமர்த்து. உமிழ்வைக் குறைக்க நாடுகள் 1997இல் போட்ட கியோட்டோ ஒப்பந்தத்தில் தனக்கு 1990 வேண்டாம், 1988 வேண்டும் என்று வாங்கிக்கொண்டது. சரிவு தொடங்குவதற்கு முந்தைய உச்சத்திலிருந்து எண்ண ஆரம்பித்தால் ஒன்றும் செய்யாமலே இலக்கைத் தாண்டிவிடலாம். ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியாவும் இப்படியே முந்தைய ஆண்டுகளை வாங்கின.

கோடுகிழிப்பவன் எழுதியது:

பூ இதழே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. சரி, படத்தை மறுபடி போட்டேன். தலைக்கு எவ்வளவு என்று மாற்றினேன். சதவீதத்தை 1973, 1979, 1990 மூன்றிலிருந்தும் போட்டேன், வரிசை மூன்று முறையும் வேறாக வருகிறது. 1973இலிருந்து எண்ணினால் பிரான்ஸும் பாதியை நெருங்குகிறது. ஸ்வீடன் எல்லோரையும் முந்துகிறது.

ஜெர்மனிக்கு என் கோப்பு இரண்டையும் கூட்டித்தான் தந்திருந்தது, நெய்வேலிக்காரருக்கு நன்றி. 1926 பள்ளத்தை நான் நிஜமாகவே பிழை என்று நினைத்து முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளின் சராசரியால் நிரப்பி வைத்திருந்தேன். பழையபடி தோண்டிவிட்டேன்.

டென்மார்க்கை ஆறாவது கோடாகச் சேர்த்தேன். 1996 முனைக்கு மேலே சின்ன எழுத்தில் "நோர்வேயில் மழை இல்லை" என்று எழுதியிருக்கிறேன். மற்ற கோடுகளுக்கும் இப்படி ஒவ்வொரு வளைவிலும் எழுத ஆரம்பித்தேன், இடம் போதவில்லை. எழுத்தளவை ஆறுக்குக் குறைத்தும் மேலே மேலே விழுகிறது. பைத்தானில் இதைத் தள்ளித் தள்ளி வைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.